ஒன்பதாவது கட்டம்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்க கடை.
ஜெராக்ஸ், லாமினேஷன், விண்ணப்பம் பூர்த்தி செய்து தரப்படும்.
மூன்று மொழியில் போர்டு.
மலையாளத்தில் ஒரு சுழி கூடுதல் என்று
பாறசாலைக்காரர் ஒருத்தர் வாரந்தோறும் வந்து சொல்லுவார்.
திருத்துவதற்குப் பெயிண்டர் முந்நூறு கேட்கிறான்.
சுழி அங்ஙனே கெடக்கட்டு.

வருகிறவர் வாய் திறக்குமுன்
பதில் சொல்ல வேண்டிய மொழி என் நாக்கில் வந்து நிற்கும்.
தப்பினால் ரூபாய் எண்ணும்போது பிடித்துவிடுவேன்.
எதில் பேரம் பேசினாலும், எதில் திட்டினாலும்,
எண்ணுகிறபோது உதடு வீட்டுக்குப் போய்விடும்.
பதினோரு வருசக் கடையில்
நான் கண்டுபிடித்த ஒரே விஷயம்.

கலெக்டர் ஆபீசுக்கு ஃபோன் போடும்போது
இஸ்திரி போட்ட தமிழ் ஒன்றை எடுத்து உடுத்துவேன்:
"வணக்கம் ஐயா, மனு நிலுவையில் உள்ளதா?"
வைத்த பிறகு,
"எளவு, இவனுக்க ஒரு நிலுவை."
தாம்பரம் ஹாஸ்டலில் இரண்டு வருசம் நான் சேச்சி.
திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில்
தம்பிக்கு ரத்தம் கேட்டு ஓடின ராத்திரி
பிசகாத மலையாளத்தில்தான் கெஞ்சினேன்.
ரத்தம் கிடைத்தது.
"பாண்டியா, பாவம்" என்று
லிஃப்டுக்குள் யாரோ சொன்னதும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை.
பிளைவுட் கம்பெனிப் பையன், சுக்ராம்,
நலவாரியத்தில் பதிய வந்தான். காதோரம் மரத்தூள்.
எனக்குத் தெரிந்த இந்தி நாற்பது வார்த்தை.
அதை வைத்தே பெயர், தகப்பன் பெயர், ஜில்லா வரை
வந்து சேர்ந்துவிட்டோம்.
ஒன்பதாவது கட்டம்: தாய்மொழி.
"இந்தி" என்றான். தட்டினேன்.

அறுபது ரூபாய்.
நனைந்த பத்து ரூபாய்த் தாள்களைப் பிரித்துப் பிரித்து வைத்தான்.
மியத், பாரியா, அப்பியா...
கை நின்றுவிட்டது எனக்கு.
அப்பி என்றால் எங்க ஊரில் சின்னப் பிள்ளை.
இவனுக்கு மூணு.

"அது என்ன பாஷை?"
பின்னால் நிற்கிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
பிறகு, பீடியை ஒளிக்கிறவன் குரலில்,
"முண்டாரி."

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
இல்லை.
ஆகக் கடைசியில் 'பிற' என்று ஒன்று இருந்தது.
பிற போடட்டுமா என்று கேட்க
என் நாற்பதில் வார்த்தை போதவில்லை,
தமிழிலேயே கேட்டேன்.
சிரித்தான்.
"இந்தி மதி அக்கா."

மதி.
சாயாக்கடையில் இலைக்கு மேல் கை விரித்துப் படித்திருப்பான்.
இந்தச் சொல் அங்கேயா இங்கேயா என்று
அவனிடம் கேட்டால் தெரியாது.
என்னிடம் கேட்டாலும்.
செக்போஸ்டில் ஒவ்வொரு லாரியாய்த் தார்ப்பாய் தூக்கிப் பார்க்கிறார்கள்,
இன்றுவரை அகப்படவில்லை.

"எனக்க சாளை நாறுது பிள்ளே, சட்டுனு முடி"
என்றாள் வரிசையில் நீரோடி பிரிஜித்தம்மாள்.
'சமர்ப்பி' என்பதை அழுத்தினேன்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மகளுக்க பள்ளிக்கூட விண்ணப்பத்தை எடுத்தேன்.
அதிலும் அந்தக் கட்டம், இதைவிடச் சின்னதாய்.
அவளுக்க அப்பன் வீட்டில் பறைகிறது மலையாளம்.
நான் பறைகிறது இது.
இதுக்கு என்ன பெயர் போட?
சரி, எண்ணிப் பார்ப்போம் என்று கல்லாவைக் கவிழ்த்தேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு,
ஏழு வரை வந்தேன்.
அப்புறம் விரல் தானாகக்
கால்குலேட்டரைத் தேடிப் போனது.

பணம் வந்தால் சத்தம் போடும் பெட்டியை
வைத்துவிட்டுப் போன ஏஜென்ட்
எந்த மொழியில் விட்டானோ, மாற்றத் தெரியாமல் கெடக்கு.
காலையில் கடன் சொல்லிப்போன யாரோ
எங்கிருந்தோ பத்து ரூபாய் அனுப்ப,
இருட்டுக்குள்ளிருந்து அது எனக்குக்
கன்னடத்தில் கணக்குச் சொன்னது.